சல்லடை விழுங்கிய கோடு

ஆய்வகத்தில் அவருக்குக் கறுப்புத்திரை என்று பெயர். பெயர் ஆளைப் பார்த்து வந்ததல்ல, அவர் மேசைமேல் இருந்த கணினியைப் பார்த்து வந்தது. மற்றவர்கள் மின்னஞ்சல் பார்க்கும்போது திரையில் படம் தெரியும், நிறம் தெரியும், மூலையில் மணி ஒன்று ஆடும். அவருடைய திரையில் கறுப்பும் வெள்ளை எழுத்தும்தான். சுட்டி கிடையாது. மேல் அம்பு, கீழ் அம்பு, ஒரு தட்டு, கடிதம் திறக்கும். இன்னொரு தட்டு, மூடும். ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் புதிய நிரல்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர் மட்டும் பழைய வீட்டைக் காலி செய்யவில்லை.

வேலை எடைக்கற்களைச் சரிபார்ப்பது. கடைகளும் தொழிற்சாலைகளும் மருந்து தயாரிப்பவர்களும் தங்கள் எடைக்கற்களைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அவற்றை ஆய்வகத்தின் படித்தர எடையோடு ஒப்பிட்டு, எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அறைக்கு இரட்டைக் கதவு. சன்னல் திறக்கக் கூடாது. கல்லைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும். உள்ளே போனதும் வேலையைத் தொடங்கிவிட முடியாது. உடம்பின் சூடு அடங்கும்வரை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் இப்படி உட்கார்ந்து எழுந்தவர். வீட்டிலும் யாராவது எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. "சூடு ஆறட்டும், அப்புறம் சொல்லுவார்" என்பாள் மனைவி.

அறையில் ரப்பருக்கு அனுமதி இல்லை. பதிவேட்டில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலே மையைப் பூசவும் கூடாது. ஒற்றைக் கோடு இழுக்க வேண்டும். அடியில் இருக்கும் பழைய எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண், அதையடுத்துச் சுருக்கொப்பம். நாள் கடந்து திருத்தினால் தேதியும் காரணமும் எழுத வேண்டும். இந்த விதியை அவர் அளவுக்குக் கறாராகப் பிடித்தவர் வேறு யாரும் இல்லை. ஒருமுறை மேலதிகாரி ஓர் எட்டை ஒன்பதாக மாற்றி எழுதியிருந்தார். இவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே போய், கோடு போட வைத்து, ஒப்பமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மின்னஞ்சல்கள் உடுத்திக்கொண்டு வரத் தொடங்கிய காலத்தில்தான் அவருக்குச் சிக்கல் வந்தது. இணையப் பக்கங்களைக் கட்டுகிற அதே எச்.டி.எம்.எல். கடிதத்துக்குள்ளும் புகுந்தது. மற்றவர்கள் திரையில் அது தடித்த எழுத்தாகவும் சிவப்பு எழுத்தாகவும் தெரிந்தது. இவர் திரையில், அதைச் செய்யச் சொல்லும் கட்டளைகளே தெரிந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னாலும் பின்னாலும் கூரான அடைப்புக்குறிகள். இங்கிருந்து தடிமன், இதுவரை தடிமன், இது இந்த நிறம், இது இந்த அளவு. 'நாளை தண்ணீர் வராது' என்ற ஒரு வரியைக் கண்டுபிடிக்க நாற்பது வரி முள்ளை விலக்க வேண்டியிருந்தது.

ஒரு விடுமுறையில் உட்கார்ந்து சின்ன நிரல் ஒன்றை அவரே எழுதினார். பதினொரு வரி. கூரான அடைப்புக்குறிகளுக்குள் இருப்பது எதுவானாலும் தூக்கி எறி, மிச்சத்தைக் காட்டு. அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் சல்லடை வழியாகவே அவர் கண்ணுக்கு வரும். விளம்பரம், சுற்றறிக்கை, வாழ்த்து எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒரே வெள்ளையில்.

"உடுப்பைக் கழட்டிட்டா ஆள் மாறிடுவானா?" என்று கேட்பார், யாராவது கிண்டல் செய்தால்.

அந்தக் கேள்வியில் ஓர் ஓட்டை இருந்தது. எது உடுப்பு, எது உடம்பு என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் அப்படிக் கேட்க முடியும். ஆனால் பதினொரு வரியும் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

போன வருடம் ஒன்று நடந்தது. பதிவேட்டு அறையில் இருக்கும் அம்மாள், எல்லோருக்கும் அவர் பதிவேட்டம்மா, ஒரு கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தார். 'கூட்டம் வியாழக்கிழமை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு' என்று கறுப்புத்திரையில் வந்தது. வியாழன் காலை போனார். கூடத்தில் மின்விசிறியைத் தவிர யாரும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். வெள்ளியும் போனார். எல்லோரும் இருந்தார்கள். நேற்று ஒருத்தரும் வரவில்லையே என்று வருத்தப்பட்டுச் சொன்னதும் கூடமே சிரித்தது. அவர் நகைச்சுவையாகப் பேசுவது அபூர்வம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். சிரிப்பு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. அலுவலகத்தின் ஒழுங்கு குறைந்துவருகிறது என்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, இரண்டு வருடத்துக்குப் பிறகு, மகளிடமிருந்து கடிதம் வந்தது.

ஒரே பெண். இயற்பியல் படித்தாள். இன்னொரு ஊர் ஆய்வகத்தில், இவரைப் போலவே, எடை பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். ஆறே மாதம். விட்டுவிட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் மரப்படகு கட்டும் பட்டறைக்குப் போகிறேன் என்றாள். இவர் ஏழு காரணங்களை எண் போட்டு எழுதி, போகாதே என்றார். அவள் பதில் எழுதினாள். அந்தப் பதிலில் ஒரு வாக்கியம் இருந்தது: 'உங்களுக்கு மனுஷங்களையும் தராசுல வச்சுப் பார்க்கத்தான் தெரியும்.' அதற்கடுத்து ஏதோ இரண்டு எழுத்து, தட்டச்சுப் பிழை போல. அதற்கடுத்து, 'நான் வேலையத்தான் விட்டுப் போறேன், உங்கள விட்டு இல்ல.'

முதல் வாக்கியத்தைப் படித்தவருக்கு இரண்டாவது வாக்கியம் காதில் விழவில்லை. சூடு ஆறட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தார். ஆறவில்லை. நான்காம் நாள் ஒற்றை வரி அனுப்பினார்: 'நீ எழுதியதைப் படித்தேன். இனி உன்னை எடை போட மாட்டேன்.' அதோடு முடிந்தது. அவளும் எழுதவில்லை, இவரும் எழுதவில்லை. அம்மாவோடு வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசுவாள். அந்த நேரம் இவர் மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். செடிகள் நன்றாக வளர்ந்தன.

இப்போது வந்திருந்த கடிதம் சின்னது.

'அப்பா, புதன்கிழமை உங்க ஊர்ல வண்டி மாறணும். மூணே முக்காலிலிருந்து நாலரை வரைக்கும் மூணாவது பிளாட்பாரத்துல இருப்பேன். வர வேண்டாம் முடிஞ்சா வாங்க.'

ஐந்து முறை படித்தார். வர வேண்டாமா, முடிந்தால் வர வேண்டுமா? நடுவில் முற்றுப்புள்ளிகூட இல்லை. வேண்டாம் என்றவளைப் போய்ப் பார்த்தால், சொன்னதை மதிக்காதவர் என்ற பழைய குற்றம் இன்னும் கெட்டியாகும். வா என்று கூப்பிட்டவளை அங்கே நிற்க வைத்துவிட்டால் அதற்கப்புறம் கடிதமே வராது. நாற்பத்தைந்து நிமிடம். அதைத் தவறவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ.

மாலையில் மனைவியிடம் கேட்டார். நேராகக் கேட்கவில்லை. புதன்கிழமை ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

"உங்களுக்கு லெட்டர் வந்துச்சா?" என்றாள் அவள்.

வந்தது, ஆனால் தெளிவாக இல்லை என்றார். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு எழுதினத நீங்கதான் படிக்கணும். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல ரெண்டு வருஷமா நான் தபால்காரி வேலை பார்க்கல. இப்பவும் பார்க்க மாட்டேன்."

தொலைபேசியில் மகளையே கேட்டுவிடலாம். எண் மனப்பாடம். ஆனால் என்னவென்று கேட்பது? நீ எழுதியது புரியவில்லை என்று தொடங்கும் பேச்சு, இரண்டு வருடத்துக்குப் பிறகு பேசுகிற முதல் பேச்சாக இருக்கலாமா?

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வக நாற்காலியில் சூடு ஆற உட்கார்ந்திருந்தபோது வேறொரு யோசனை வந்தது. ஒரே எடைக்கல் இரண்டு விதமான அளவு காட்டினால் என்ன செய்வோம்? கல்லைத் திட்ட மாட்டோம். தராசைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். அவள் இரண்டு மனதோடு எழுதியிருக்கிறாள் என்று ஒரு நாள் முழுக்க நம்பியாயிற்று. அந்தக் கடிதம் தன் கண்ணுக்கு எதன் வழியாக வந்தது என்று ஒரு நிமிடமாவது பார்த்தோமா?

தராசைச் சோதிக்க ஒரே வழிதான் அவருக்குத் தெரியும். ஏற்கெனவே அளவு தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காகிதத்தோடு பதிவேட்டு அறைக்குப் போனார். ஐந்து வரி எழுதித் தனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப முடியுமா என்று பதிவேட்டம்மாவைக் கேட்டார். ஒன்றில் ஒரு சொல் தடிமனாக இருக்க வேண்டும், ஒன்றில் சிவப்பாக, ஒன்றில் பெரிதாக, ஒன்றில் அடிக்கோட்டோடு. உங்கள் நிரலில் எழுத்துக்கு வேறு என்னவெல்லாம் செய்ய முடியுமோ, அதில் எதையாவது ஐந்தாவதில் செய்யுங்கள் என்றார்.

"என்ன எழுதணும் சார்?"

எது வேண்டுமானாலும் என்றார். அந்த அம்மாளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

திரும்பி வந்து திறந்தபோது ஐந்து வரியும் ஐந்து சகோதரர்கள் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. தடிமன் இல்லை, சிவப்பு இல்லை, பெரிது இல்லை. அது எதிர்பார்த்ததுதான். அதற்காகத்தானே சல்லடை? ஐந்தாவது வரி இப்படி இருந்தது: 'நம்ம மேலதிகாரி மத்தியானம் ரெண்டு மணிக்கு தூங்குவார் யோசிப்பார்.'

அதை மட்டும் இன்னொரு முறை படித்தார். தூங்குவார் யோசிப்பார். வர வேண்டாம் முடிஞ்சா வாங்க. வியாழக்கிழமை வெள்ளிக்கிழமை.

படிக்கட்டில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினார். பதிவேட்டம்மாவின் திரையில் அதே கடிதத்தைக் காட்டச் சொன்னார். 'தூங்குவார்' என்ற சொல்லின் நடுவில் ஒரு கோடு ஓடியிருந்தது. ஒற்றைக் கோடு. அடியில் இருந்த சொல் நன்றாகப் படிக்க முடிந்தது. அவர் முப்பத்தொரு வருடமாக இழுத்துவரும் அதே கோடு.

"இது எனக்கு வரல" என்றார்.

"எது வரல?"

"இந்தக் கோடு. சொல்லு வந்துச்சு. கோடு வரல."

பதிவேட்டம்மா நாற்காலியைத் திருப்பி அவரை முழுதாகப் பார்த்தார். "அப்ப நான் அடிச்சதெல்லாம் உங்களுக்கு அடிக்காத மாதிரியே தெரியுதா? போன வருஷம் வியாழக்கிழமை போய் உட்கார்ந்தது தமாஷ் இல்லையா சார்?"

இல்லை என்றார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். "தண்ணி குடிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

மேலே வந்து, மகளின் கடிதத்தைத் திறந்து, சல்லடையை விலக்கும் விசையைத் தட்டினார். கடிதம் தன் முள்ளோடு தெரிந்தது. முள்ளை விலக்கிக்கொண்டே போனார். 'வர வேண்டாம்' என்பதற்கு முன்னால் கூரான அடைப்புக்குறிக்குள் ஒரே ஓர் எழுத்து. பின்னால் அதே எழுத்து, சாய்கோட்டோடு. இங்கிருந்து அடி, இதுவரை அடி. அவ்வளவுதான். முடிஞ்சா வாங்க என்றுதான் எழுதியிருக்கிறாள்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் உட்காரவில்லை. ஒரு தராசு இன்று பிழை காட்டினால், போன மாதம் அதில் நிறுத்ததெல்லாம் என்ன கதி? ஆய்வகத்தில் இதற்கும் விதி உண்டு. தராசு சரியாக இருந்ததென்று கடைசியாகத் தெரிந்த நாள்வரை பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். விரல் தானாகவே கீழ் அம்பைத் தட்டிக்கொண்டு போயிற்று. இரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதம் அழியாமல் இருந்தது. அவர் எதையும் அழிக்காதவர்.

சல்லடையை விலக்கினார்.

'உங்களுக்கு மனுஷங்களையும் தராசுல வச்சுப் பார்க்கத்தான் தெரியும்' என்பதற்கு முன்னால் அந்த எழுத்து. பின்னால் அதே எழுத்து, சாய்கோட்டோடு. அதற்கடுத்து, தட்டச்சுப் பிழை என்று அவர் தள்ளிவிட்ட இரண்டு எழுத்து. இப்போது படித்தார். மகளின் சுருக்கொப்பம்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது கணக்கு ஆசிரியை இவரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னது ஞாபகம் வந்தது. நோட்டு முழுக்கத் தப்பான விடைகள்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் பிஞ்சுக் கையால் ஒரு கையெழுத்து. "உங்க பொண்ணு அழிக்கவே மாட்டேங்குறா சார். ரப்பர் கொடுத்தா திருப்பிக் கொடுக்குறா. பெரிய ஆபீசர் மாதிரி அடிச்சு அடிச்சு கையெழுத்துப் போடுறா." அன்று அவருக்குப் பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் அவருடைய விதிப்படிதான் எழுதியிருந்தாள். விதியைச் சொல்லிக்கொடுத்தவரின் சல்லடைதான் கோட்டை விழுங்கிவிட்டது.

எடை அறைக்குப் போய், இரட்டைக் கதவையும் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எளிதாகத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அவள் அதைச் சொல்லவே இல்லை, எல்லாம் இயந்திரத்தின் கோளாறு என்று முடித்துவிடலாம். ஆனால் அதுவும் சரியில்லை. பதிவேட்டில் அடித்த எண்ணை ஏன் படிக்கிற மாதிரி விட்டுவைக்கிறோம்? அப்படி ஓர் அளவு வரவே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. அளவு வந்தது, ஆனால் கணக்கில் இல்லை. அவள் அதை நினைத்தாள். பிறகு அது கணக்கில் இல்லை என்று முடிவு செய்தாள். இரண்டும் அப்பாவுக்குத் தெரியட்டும் என்று விட்டாள். முழுக்க அழித்துவிட்டு அனுப்பியிருந்தால் அது மரியாதை. இது மரியாதையைவிடக் கொஞ்சம் கூடுதல். அவருக்கோ பாதிதான் வந்து சேர்ந்தது.

அவள் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தார். அடித்து, ஒப்பமிட்டு, பின்வாங்கிய ஒரு வாக்கியத்தை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டு 'இனி உன்னை எடை போட மாட்டேன்' என்கிறார். அடித்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த அதே அப்பா. அதற்கப்புறம் எழுத யாருக்குக் கை வரும்?

புதன்கிழமை காலை சல்லடையைப் பிரித்தார். பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்தார். அடித்த சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரு குறி விழும்படி. பதிவேட்டம்மாவின் கடிதத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். மேலதிகாரியின் தூக்கம் குறிக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. பிறகு, தான் அனுப்பிய பழைய ஒற்றை வரிக் கடிதத்தை அச்செடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி தேய்த்த சட்டை ஒன்றை நாற்காலியில் போட்டு வைத்திருந்தாள். எங்கே என்றும் கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. காகிதத்தைப் புதுச் சட்டையின் பைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாவது பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை தடித்திருந்தது. விரல் நகத்தில் ஏதோ பிசின் கறை. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வண்டி சரியான நேரத்துக்கு வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள். அம்மா எப்படி என்றாள். நேற்றுத்தான் அம்மாவிடம் பேசியிருப்பாள். இருந்தாலும் சொன்னார். படகுக்கு என்ன மரம் போடுவார்கள் என்று கேட்டார். சொன்னாள். அதில் ஆறு நிமிடம் போயிற்று.

பிறகு அவர் கறுப்புத்திரையைப் பற்றிச் சொன்னார். பதினொரு வரியை, வியாழக்கிழமைக் கூட்டத்தை, ஐந்து வரிக் கடிதத்தை, எதையும் விடாமல், வரிசை பிசகாமல். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைக்கு மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கோடே வரலையா?" என்றாள் கடைசியில்.

"வரல."

"நான் அடிச்சதுக்குத்தான் நீங்க பதில் எழுதினீங்கன்னு நினைச்சேன். இவருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமான்னு. ரெண்டு வருஷம்ப்பா."

அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். அச்செழுத்தில் அந்த ஒற்றை வரி. பெஞ்சில் வைத்து, பேனாவால் அதன்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அடியில் படிக்க முடிந்தது. பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, அன்றைய தேதியையும் எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி, பதிவேடு பார்க்கிறவள் மாதிரியே பார்த்தாள். ஆறு மாதம் பார்த்த வேலை மறக்கவில்லை.

"இவ்வளவு நாள் கழிச்சுத் திருத்தினா காரணம் எழுதணும்."

அவர் திரும்ப வாங்கிக் கீழே எழுதினார்: கருவிப் பிழை.

அவள் படித்தாள். காகிதத்தைத் திருப்பித் தரவுமில்லை, மடிக்கவுமில்லை.

"கருவி மட்டும்தானா?"

எதிர் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். சூடு ஆறட்டும் என்று அவளும் காத்திருந்தாள். கோடு வராவிட்டாலும், அந்தப் பழைய கடிதத்தில் அடுத்த வாக்கியத்தையாவது தான் படித்திருக்கலாம். உங்கள விட்டு இல்ல என்று எழுதியிருந்தாள். அதன்மேல் கோடு எதுவும் இல்லை. சல்லடை அதைத் தொடவே இல்லை. இருந்தபடியே, முழுதாக, வெள்ளை எழுத்தில் கறுப்புத் திரையில் இருந்தது.

காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்காமல், அவள் பிடித்திருந்தபடியே குனிந்து, ஒரு காற்புள்ளி போட்டு எழுதினார்: படித்தவர் பிழையும்.

"ஒப்பம்?" என்றாள்.

அதையும் போட்டார். அவள் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மணி நாலே கால். இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. தண்ணீரில் நிற்கும் படகை எப்படி எடை பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். தூக்கி நிறுக்க முடியாதே? அவள் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். படகு தள்ளிவிட்டதே, அந்தத் தண்ணீரைத்தான் நிறுப்போம் என்று தொடங்கி, கையை விரித்துச் சொல்லிக்கொண்டு போனாள்.